கரவனோடு கடல் கடக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்ததும், டொக்டர் திரும்பவும் கார் ஓடலாம் என்று சொன்னதும் பெரிய ஆறுதல். அதைவிடச் சந்தோசம் நீங்கள் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வண்டிவீடு, அதுதான் கரவன், வாங்கியது. படத்தைப் பார்த்த நேரத்திலிருந்து இவள், "இனி அவர்களை வீட்டில் பிடிக்கவே முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே எல்லோரும் சுகம். மகள் பிரிஸ்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இது கடைசி வருடம். நானும் வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டேன், அதனால்தான் இப்படி உட்கார்ந்து நீளமாக எழுத முடிகிறது.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். டோவரில் கப்பல் ஏறி இரண்டு நாளில் பார்சலோனா போய்ச் சேரலாமா என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மச்சான். அந்தக் கப்பல் போய் இறக்குகிற பிரெஞ்சுத் துறைமுகம் கலேயிலிருந்து பார்சலோனா 1,300 கிலோமீற்றருக்கு மேல். பிரான்சில் காரும் கரவனும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை 3.5 தொன்னைத் தாண்டினால் மோட்டர்வேயிலேயே மணிக்கு 90 கிலோமீற்றர்தான் ஓடலாம், உன்னுடைய கார் பெரியது, அநேகமாகத் தாண்டும். பெற்றோலுக்கு, சாப்பாட்டுக்கு, காலை நீட்டுவதுக்கு என்று நிற்கிற நேரத்தைக் கூட்டிப் பார். அந்த முழங்காலோடு இரண்டு நாள் முழுக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால், மூன்றாம் நாள் நீ கடலைப் பார்க்க மாட்டாய், கட்டிலைத்தான் பார்ப்பாய். ஸ்பெயின்தான் வேண்டும் என்றால் போர்ட்ஸ்மத்திலிருந்து பில்பாவோவுக்குக் கப்பல் இருக்கிறது. இரவைக் கப்பலிலேயே கழித்து இறங்கினால் அங்கிருந்து பார்சலோனா சுமார் 600 கிலோமீற்றர்தான். ரிக்கெற் விலை கூடத்தான், ஆனால் பிரான்ஸ் முழுவதும் கட்டுகிற வீதிக் கட்டணத்தையும் பெற்றோல் காசையும் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

என்னைக் கேட்டால் முதல் முறை அவ்வளவு தூரமே போகாதே. ஃபோக்ஸ்ரனில் காரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கடியால் போகிற சுரங்க ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் அந்தப் பக்கம். கரவனை அவிழ்க்கத் தேவையில்லை, கட்டியபடியே பெட்டிக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிற்பாட்டி, காருக்குள்ளேயே இருக்கலாம். ஏறுவதுக்கு முன் காஸ் போத்தல் பூட்டியிருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள், அதனால் வீட்டில் கிளம்பும்போதே பூட்டிவிடு. பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனையும் இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கியதும் நேரே வீதிதான். டோவர்–கலே கப்பல் ஒன்றரை மணி நேரம், எழும்பி நடக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், மேல்தட்டில் நின்று காற்று வாங்கலாம், எனக்கு அதுவும் பிடிக்கும். எதில் போனாலும் ரிக்கெற் போடும்போது மொத்த நீளம் கேட்பார்கள். கார் மூக்கிலிருந்து கரவனின் வால் வரை, நடுவிலே கொளுக்கிச் சட்டமும் பின்னால் சைக்கிள் தாங்கியும் இருந்தால் அதுகளையும் சேர்த்து அளந்து சொல்லு.

கடல் கடப்பதை நினைத்துத்தான் உனக்குப் பயம் போலிருக்கிறது. நீ யோசிக்க வேண்டியது பாரத்தைப் பற்றி, அதை இங்கிலாந்திலேயே பழகலாம். கரவனின் எடை காரின் எடையில் 85 வீதத்துக்குள் இருப்பது நல்லது என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள், அதைக் கேள். பாரமான சாமான் எல்லாம் சில்லுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். அரிசி மூட்டை, தண்ணீர்க் கலன், முன் கூடாரம், ரின் சாமான் எல்லாம் அங்கே. எங்களுடைய ஆட்கள் செய்வது என்ன? அரிசியையும் மாவையும் பின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, மேல் அலுமாரியில் சட்டி பானையை அடுக்குவார்கள். வால் பாரமானால் ஏதாவது பெரிய லொறி பக்கத்தால் முந்திப்போகும்போது அந்தக் காற்றில் கரவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் பிரேக்கை அழுத்தாதே, காலை அக்சிலரேட்டரிலிருந்து மெல்ல எடுத்து, ஸ்ரீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும்வரை பொறு. அடுத்த நிறுத்துமிடத்தில் இறங்கிச் சாமானை மாற்றி அடுக்கு. கிளம்புவதுக்கு முன் ஒரு நாள் எல்லாம் ஏற்றியபடியே பொது எடைப்பாலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிடு, மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். நாங்கள் 1997க்குப் பிறகு எடுத்தவர்கள், முந்தி இதுக்குத் தனிச் சோதனை வேண்டியிருந்தது, 2021 டிசம்பரிலிருந்து அது இல்லை, 3,500 கிலோ வரை இழுக்கலாம். பாஸ்போர்ட்டைக் கவனி: உள்ளே போகும் நாளில் அது கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், அதால் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் இருக்கிற உன் யோசனையைக் கொஞ்சம் குறைத்துக்கொள். 2025 ஒக்டோபரில் எல்லையில் புதிய முறை தொடங்கியதிலிருந்து கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், நேரத்தோடு போ.

இனிச் சாப்பாடு. தங்கச்சி கட்டாயம் மட்டன் ரோல்ஸ் சுற்றித் தரப் பார்ப்பா, வேண்டாம் என்று சொல்லு. பிரெக்சிற்றுக்குப் பிறகு இறைச்சியும் பாலும் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. தயிர், நெய், பால்மா எல்லாம் அதிலேயே அடங்கும். கறிவேப்பிலையும் கூடாது, பச்சை இலைக்குச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் தடையில்லை, மீனும் அளவோடு கொண்டுபோகலாம், அதால் கருவாடு தப்பியது! திரும்பி வரும்போது சீஸ், பட்டர் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதே, 2025 ஏப்ரலிலிருந்து அதையும் இங்கே தடுத்துவிட்டார்கள். அங்கேயே சாப்பிட்டு முடி. கறிவேப்பிலை இல்லாமல் முடியாது என்றால் பாரிசுக்கு வெளியே மெசோன் லஃபித் என்ற ஊரில் இருக்கிற கரவன் தங்குமிடத்தில் கரவனை விட்டுவிட்டு ரயில் ஏறிப் பாரிசுக்குள் போ. செய்ன் நதிக்கு நடுவிலே ஒரு தீவில் இருக்கிற இடம், பாரிஸ் வீதிக்குள் கரவனை இழுத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். லா சப்பலில் எங்களுடைய கடைகளில் இல்லாத சாமானே இல்லை.

ஒரு விசயம் முக்கியம், உன் வீட்டுச் சமையலறை போல நினைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக் கூடாது. பிரான்சில் பல கரவன் தங்குமிடங்களில் ஆறு அம்பியர்தான் கரண்ட் தருவார்கள், சரியாக 1,380 வாற்ஸ். சோறு வைக்கும் குக்கருக்கு 700 போய்விடும், அந்த நேரம் யாராவது கேத்திலைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும், பிறகு கம்பத்தடிக்கு ஓடி ஆளைத் தேட வேண்டும். சின்னக் கேத்தில் ஒன்று வாங்கு, சோறு முடிந்த பிறகு தேத்தண்ணி. சில பழைய இடங்களில் இரண்டு ஊசிச் சொக்கெற்தான், மாற்றுப் பிளக் ஒன்றும் வைத்துக்கொள். இங்கத்தைக் காஸ் போத்தலை அங்கே மாற்றித் தர மாட்டார்கள், நிரப்பிக்கொண்டு போ. வீதிக் கட்டணக் கூண்டு இடப் பக்கம் வரும், ரிக்கெற் எடுப்பது தங்கச்சியின் வேலை.

நான் ஆசைப்பட்டுச் சொல்லும் இடம் வட பிரான்சில் சொம் ஆற்றின் முகத்துவாரம். கலேயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென் வலரி என்ற சின்ன ஊர், 1066இல் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடிக்கக் கப்பல்களோடு புறப்பட்டது அங்கிருந்துதான், நாங்கள் எதிர்ப்பக்கமிருந்து கரவனோடு வருகிறோம். கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அப்புறம் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தண்ணீர். லே ஊர்தெலில் கரையில் நின்றாலே மணல்திட்டில் கடல்நாய்கள் படுத்திருப்பது தெரியும். உப்புச் சதுப்பில் மேய்கிற செம்மறி ஆடுகள், அந்த இறைச்சியை வாங்கி நாங்கள் மிளகு போட்டுப் பிரட்டினோம், இவள் இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறாள்.

குடாவைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. அது நிற்கிற நுவாயெல் என்ற ஊருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு சீனக் கல்லறை இருக்கிறது, கட்டாயம் போ. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்குக் கூலி வேலை செய்யச் சீனாவிலிருந்து கொண்டுவந்தவர்கள், 800க்கும் மேற்பட்டவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். போர் முடியும் காலத்துக் காய்ச்சலில் போனவர்கள் அதில் பலர். வெள்ளைக் கல், மேலே சீன எழுத்தில் பெயர், கீழே அவனுக்குக் கொடுத்த இலக்கம். ஊரிலிருந்து கப்பலேறி வந்து திரும்பிப் போகாதவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். நீயும் நானும் வந்த வழியை நினைக்காமல் அந்த வரிசைகளுக்குள் நடக்க முடியாது. நான் அன்றைக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் மெல்லப் போ என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு 200, மிஞ்சினால் 250 கிலோமீற்றர். மத்தியானம் தாண்டியதும் எங்காவது நின்றுவிடு, வெளிச்சம் இருக்கும்போதே கரவனைச் சமப்படுத்தி, தண்ணீர் எடுத்து, பக்கத்துக் கரவன்காரரோடு இரண்டு வார்த்தை கதைக்கலாம். பிரான்சில் கிராம சபைகள் நடத்துகிற சின்ன இடங்கள் மலிவு, துப்புரவு, காலையில் நடந்துபோய்ப் பாண் வாங்கலாம். கலேக்குக் கிட்ட மோட்டர்வே நிறுத்துமிடங்களில் மட்டும் இரவில் படுக்காதே. இரவாகிப் போனால் கிட்ட இருக்கிற கீன் என்ற ஊர்ப் பக்கம் போ, பக்கத்திலேயே தங்க இடம் இருக்கிறது. எட்டாம் ஹென்றியும் பிரெஞ்சு அரசனும் 1520இல் ஆயிரக்கணக்கான ஆட்களோடு தங்கச் சரிகைக் கூடாரம் அடித்துக் கூடியதும் அந்தப் பக்கத்து வெளியில்தான்.

அண்ணா பேர்னில் இருக்கிறார், அங்கேயும் போக வேண்டும் என்கிறாய். போகலாம், ஆனால் சுவிஸ் மோட்டர்வேக்குக் காருக்கு ஒரு வீதிக் கட்டண வில்லை, கரவனுக்குத் தனியாக இன்னொன்று, ஒவ்வொன்றும் 40 பிராங்க். அது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

செப்டெம்பரில், பள்ளிக்கூட விடுமுறை முடிந்து இடங்கள் மலிந்த பிறகு, நாங்கள் திரும்பவும் சென் வலரிக்குப் போக நினைத்திருக்கிறோம். நீங்களும் வந்தால் இரண்டு கரவனையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம், இவள் புட்டுப் பானையையும் ஏற்றுகிறாளாம். உன் கரவனின் நீளத்தையும் உங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட் திகதிகளையும் பார்த்து எழுது, நான் நாலு பேருக்கும் சேர்த்து ரிக்கெற் போடுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

என்றும் உன்,
மச்சான்