லெபோ பாசார் மசாலா மில்லின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் ஜூலை மாதப் பாரம்பரியக் கொண்டாட்டத்தையொட்டி எங்கள் கடைவாசலில் எடுக்கப்பட்ட படம் ஒன்று சில வாரங்களாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிவருவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுற்றுப்பயணிகள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்க, அவர்களுக்குப் பின்னால் நம் அம்மா ஒருவர் மல்லிப் பையோடு காத்திருக்கும் படம் அது. “கடையை வெளியாட்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள், பழைய வாடிக்கையாளரை ஓரங்கட்டிவிட்டார்கள்” என்பதே அதனுடன் வரும் செய்தி. நேரில் கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டோம். கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இம்மடலை எழுதுகிறோம்.

அந்த அம்மா காத்திருந்தது உண்மை. ஆனால் பயணிகளுக்காக மில்லை நிறுத்தினோம் என்பது உண்மையல்ல. ஒருவருடைய மிளகாயை அரைத்து முடித்ததும், இயந்திரத்தைத் துடைத்து, ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிக் காரத்தை எடுத்த பிறகுதான் அடுத்தவருடைய மல்லியை உள்ளே கொட்டுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நடந்ததும் அதுவே. அந்த அம்மா தம் தூளை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு சென்றதைப் படம் எடுத்தவர் இருந்து பார்க்கவில்லை. படம் எடுக்க விடுவதற்கு நாங்கள் காசு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு சென்கூட வாங்கியதில்லை. பக்கச் சுவரில் உள்ள ஓவியம் கட்டட உரிமையாளரின் விருப்பத்தின்பேரில் வரையப்பட்டது. அதனால் எங்கள் வாடகை ஒரு ரிங்கிட்டும் குறையவில்லை. வாசலில் அடுக்கியிருக்கும் சிறு பொட்டலங்களில் இருப்பது உள்ளே மூட்டையிலிருந்து உங்களுக்கு நிறுத்துக் கொடுக்கும் அதே கறித்தூள்தான். பயணிக்கு ஒரு விலை, பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வருபவருக்கு ஒரு விலை என்று எங்கள் தராசு இரண்டு பேச்சுப் பேசியதில்லை.

அப்படியானால் கொண்டாட்டத்தில் ஏன் கலந்துகொண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை கட்டவிழ்ந்தபோது, இந்த வட்டாரத்தில் குடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் புறநகர்த் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு)ப் பெயர்ந்ததை நீங்களே கண்டிருக்கிறீர்கள். அவர்களில் சிலர் நீங்களாகவே இருப்பீர்கள். 2008 ஜூலை 7இல் மலாக்காவுடன் சேர்ந்து ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2010இல் ஜார்ஜ் டவுன் கலைவிழா தொடங்கியது. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் செல்லும் இரண்டு பிள்ளைகளை வரைந்த பிறகு, அதன்முன் நின்று படம் எடுக்க வரிசை பிடிக்கும் அளவுக்குக் கூட்டம் வந்தது. வெறிச்சோடிய தெருக்களுக்குக் கலை மறுபடியும் ஆள் நடமாட்டத்தைக் கொண்டுவந்தது. அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் அதே காலத்தில் எத்தனை பட்டறைகளும் மளிகைக் கடைகளும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுவரில் தொழிலாளியின் படம் இருந்து, தெருவில் தொழில் இல்லாமல் போவதை எங்களால் ஏற்க முடியாது. அதனால்தான் வாசலில் அடுப்பு வைத்து, இரும்புச் சட்டியில் மல்லியை வறுத்துக் காட்டினோம்.

அன்றைக்கு அங்கே நின்றவர்களைக் கேளுங்கள். மல்லியின் பச்சை வாடை போய் வாசம் எழும் பதத்தில் சட்டியை இறக்கியபோது, எங்களிடம் நெடுங்காலமாகக் கறித்தூள் வாங்கும் நியோன்யா (மலாய்ப் பண்பாடு கலந்த பாரம்பரியச் சீனக் குடும்பத்து) அம்மையார் ஒருவர், யாரும் கேட்காமலே முன்னால் வந்து, தம் வீட்டுக் கோழிக்கறிக்கு அந்தத் தூளுடன் எவ்வளவு லெங்குவாஸ் (அரத்தை) சேர்ப்பார் என்று சீனப் பிள்ளைகளுக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியில் விளக்கினார். சோம்பு கூடிவிட்டது என்று நாசி கண்டார் (சோறும் கறிகளும் விற்கும் கடை) சமையல்காரர் ஒருவர் மலாயில் வாதாடினார். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலும் கபித்தான் கிளிங் பள்ளிவாசலும் குவான் இன் கோவிலும் சில நிமிட நடைத் தொலைவில் இருக்கும் இந்த இடத்தில், நோன்புக் கஞ்சிக்குச் சாமான் வாங்குவோரும், லெபோ பினாங்குக் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்காக வெள்ளி இரதம் புறப்படும் நாளில் அன்னதானத்துக்கு அரைக்க வருவோரும் ஒரே படியில்தான் காத்திருந்திருக்கிறார்கள். பல்லினப் பண்பாடு என்று மேடையில் பேசப்படுவது எங்களுக்கு நாள்தோறும் கல்லாவுக்கு முன்னால் நடப்பதுதான். அதை வெளியூரார் வந்து பார்ப்பதில் உங்களுக்குக் குறைவு ஏதும் இல்லை என்று உறுதியாக நம்புகிறோம்.

படம் பரவிய வேளையில், “எங்களுக்கு இந்தக் கடையைத் தெரியும்” என்று குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பாட்டி காலத்துக் கலவைக் கணக்கை மடித்துவைத்த தாளில் எழுதிக்கொண்டு வரும் பேத்திகளுக்கும், கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் படியேறும் குடும்பங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மில் இன்னும் ஓடுவது உங்களால்தான்.

எங்களிடம் நீண்டகாலம் வறுவல் பார்த்துவந்த அண்ணன் உடல்நலம் கருதி ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ள முன்வரும் இளையவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டு 1 முதல் சிறு கடைகளுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது; உழைப்பவருக்கு அது நியாயமான ஊதியம்தான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. இவற்றையொட்டி, நீங்கள் கொண்டுவரும் சாமான்களுக்கான அரைவை செப்டம்பர் முதல் செவ்வாய், சனி காலைகளில் மட்டும் நடைபெறும். அரைவைக் கூலியிலும் சிறு மாற்றம் உண்டு, விவரம் கல்லாவில் ஒட்டப்பட்டுள்ளது.

தீபாவளிக்கு அரைக்க வேண்டியவர்கள் மிளகாயையும் மல்லியையும் நன்கு காயவைத்து, பையின்மேல் பெயரையும் கறித்தூள் வகையையும் எழுதி, அக்டோபர் முதல் வாரத்திற்குள் கொடுத்துவிட்டால் அவசரமின்றிப் பதமாக அரைத்துத் தர எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை நாடும்
கடை உரிமையாளர்
லெபோ பாசார், ஜார்ஜ் டவுன், பினாங்கு