எடி மாபோ ஐயாவுக்கு

அன்புள்ள மாபோ ஐயா,

வணக்கம். உங்கள் நில உரிமை வழக்கில் 1992 ஜூன் 3 அன்று வந்த தீர்ப்பைக் கேட்க நீங்கள் இல்லை. அந்த ஜனவரியிலேயே புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் உங்கள் வாதத்தை ஏற்றார்கள். வெள்ளையர் வந்து இறங்கியபோது அந்த மண் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்ற இருநூறு வருடப் பொய் அன்று சட்டத்திலிருந்து நீங்கியது.

டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் நீங்கள் தோட்டக்காரர். 1974 வாக்கில், ஆஸ்திரேலியாவின் வடக்கே டோரஸ் நீரிணையில் நீங்கள் பிறந்த மெர் தீவில் உள்ள உங்கள் நிலம் ஏட்டில் அரசுடையது என்று அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவந்தது. யாருடைய தோட்டம் எதுவரை என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் மாலோ தெய்வத்தின் கட்டளை. 1982இல் வழக்குப் போட்டீர்கள். குயின்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இழப்பீடுகூடக் கொடுக்காமல் அந்த உரிமையையே அழிக்கப் பார்த்தது. அதை உடைக்க 1988 வரை ஆனது. அப்புறம் 1990இல், மாமா பென்னி மாபோ உங்களைத் தத்தெடுத்தார் என்பதையே விசாரணை நீதிபதி ஏற்கவில்லை. உங்கள் சொந்த நிலக் கோரிக்கை தோற்றது. ஆனால் உங்கள் மக்களின் வழக்கு தோற்காமல் நிலைத்தது.

இதை எழுதத் தூண்டியது, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு நடந்ததுதான். மர்ரே ஆற்றங்கரையில் அவர்களை விரட்டியது அந்நாட்டு அரசும் குடியேறியவர்களும். பிறகு அவர்கள் தங்கள் நில உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டபோது, அதே நாட்டின் நீதிமன்றம், பழைய வழக்கங்களை விடாமல் காத்துவந்ததற்கு அவர்களிடமே ஆதாரம் கேட்டது. வாய்மொழிச் சாட்சியத்தைவிட, அவர்கள் மண்ணைப் பிடித்து ஆடு மேய்த்த எட்வர்ட் கர் எழுதியதற்கு எடை அதிகம் தரப்பட்டது. 1881இல் நிலம் கேட்டு அந்த மக்கள் ஆளுநருக்குக் கொடுத்த மனுவையே, அவர்கள் நிலத்தை இழந்துவிட்டதற்கு ஆதாரமாக 1998இல் நீதிபதி எடுத்துக்கொண்டார். 2002இல் தலைமை நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. எவ்வளவு முழுமையாகத் துரத்தப்பட்டார்களோ அவ்வளவுக்குத் தோல்வி. எனக்கு இது ஆறவே இல்லை, ஐயா.

உங்கள் தீர்ப்பு திறந்த கதவு அவர்களுக்கும் திறக்க வேண்டுமானால், நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் ஏற வேண்டும். மண்ணோடும் வழக்கங்களோடும் அவர்களுக்கு இருந்த தொடர்பு அறுந்தது என்று அரசுதான் காட்டட்டும். நீதிபதி ராபர்ட் ஃபிரெஞ்ச் 2008இலேயே ஏறக்குறைய இப்படி ஒரு யோசனையை முன்வைத்தார். அதைச் சட்டமாக்கச் சொல்லித்தான் இனிக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வழக்கைப் படித்த ஒருவர்