அம்மம்மாவிடமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைக்குழந்தைகளின் சுகாதாரம் பற்றி யார் பேசினாலும் ‘தாய்மாரே’ என்றுதான் தொடங்குகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் பிள்ளை யார் கையில் வளர்கிறது என்பதை இவர்கள் கவனிப்பதே இல்லை. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதே வழமை. பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டுவது முதல் மருந்து கொடுப்பது வரை பெண்ணின் தாய், அதாவது அம்மம்மா, வைத்ததே சட்டம். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வயிற்றோட்டத்தைப் பாருங்கள். உடலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனி என்ற கரைசல் தூள் பக்கெட்டை வாங்கி வருகிறார்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சின்னப் பிள்ளை ஒரு லீற்றரா குடிக்கப்போகிறது என்று, பாதியை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். சிக்கனம் பார்த்த கை அது, பிழை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தத் தம்ளரில் உப்பு அளவுக்கு மீறிக் கூடிவிடுகிறது. வாடிப்போன குழந்தைக்கு அதுவே ஆபத்து. முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கி, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

தேனும் அப்படித்தான். ‘மீன்பாடும் தேனாடு’ என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்காதே என்றால் எந்த அம்மம்மாவுக்குத்தான் கோபம் வராது? தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, அதன் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். அரிது என்றாலும் உயிருக்கே ஆபத்தான நோய் அது. இந்தக் காரணத்தை அவரிடம் யாரும் சொல்வதில்லை. ‘வேண்டாம்’ என்பது மட்டும் மகள் வழியாக வந்து சேர்கிறது. ‘நான் ஆறு பிள்ளை வளர்த்தவள்’ என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

பிள்ளையின் கிளினிக் கொப்பியோ பிறப்புச் சான்றிதழோடு பொலித்தீன் பைக்குள் பத்திரமாக உறங்குகிறது. தடுப்பூசித் திகதி பார்க்கவும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும்தான் வெளியே வரும். அதிலுள்ள நிறைக் கோடு சரியான நிறையைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள்ளேயே இருந்தாலும், மாதக்கணக்கில் மேலே ஏறாமல் கிடையாகப் போனால் பிள்ளை வளரவில்லை என்று பொருள். அதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை வெயிலில் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் தலையில் ஏற்கனவே வேலை அதிகம். பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள் அவர்கள் எப்படியும் வீட்டுக்கு வருகிறார்கள். அப்போது அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்தி, ஜீவனி கரைப்பதை அவர் கையாலேயே செய்துகாட்டச் சொல்லலாமே. கிளினிக் நாட்களில் ‘பிள்ளையோடு ஒருவர் மட்டும் உள்ளே வாருங்கள்’ என்று அவரை வாசலோடு நிறுத்துவதையும் சுகாதார வைத்திய அதிகாரிகள் கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி.