தன் குரலைக் கேளாமல் விண்ணில் பேசலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசுவதற்கான அமெச்சூர் வானொலி உரிமம் பெறும் கல்லூரி மாணவர்கள் பலர் செயற்கைக்கோள் வழியாகப் பேச ஆவல் கொள்வது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் மைக்கை அழுத்திப் பேசும் அதே நேரத்தில் தன் குரல் மேலிருந்து எப்படி இறங்கி வருகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்ற பாலபாடத்தைப் பயிற்சி வகுப்புகளில் போதுமான அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் மனக்குறை.

சாதாரண வானொலிக் கருவியில் பேசும் பொத்தானை அழுத்தியதும் ரிசீவர் ஊமையாகிவிடும். சில கருவிகளில் உள்ள 'மானிட்டர்' வசதியும் கருவிக்குள் உருவாகும் குரலைத்தான் காதில் போடுமே தவிர, அது ஆன்டெனாவைத் தாண்டி எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. செயற்கைக்கோளிலோ ஏறும் அலைவரிசை வேறு, இறங்கும் அலைவரிசை வேறு என்பதால், இரண்டாவது ரிசீவர் ஒன்று இருந்தால் பேசிக்கொண்டே கேட்கலாம்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட்டில் சென்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோளான ஹாம்சாட், 2014 வரை இந்த வாய்ப்பை நமக்குத் தந்தது. 435 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அனுப்பி, 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கேட்க வேண்டும். மொட்டைமாடியில் ஒரு கையில் யாகி ஆன்டெனாவும் காதில் ஹெட்ஃபோனுமாக நின்று முதன்முதலில் என் குரலை அதில் கேட்டபோது, செயற்கைக்கோள் விரைந்து நகர்வதால் அலைவரிசை மாறும் டாப்ளர் விளைவால் அதன் சுருதி கீச்சென்று ஏறிக்கொண்டே போயிற்று. டயலை மயிரிழை நகர்த்திய பிறகுதான் அது என் குரல் என்றே தெரிந்தது.

தன் குரல் கேட்காதவர், காதடைத்தவர் கத்துவதைப் போல, மின்திறனைக் கூட்டிக்கொண்டே போகிறார். செயற்கைக்கோளில் நம் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரின் திறன் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், ஒருவர் மிகுதியாக ஏற்றினால் மெல்லிய குரல்கள் அமுங்கிவிடுகின்றன. ஏற்றியவருக்கு அது தெரிவதே இல்லை.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் செயற்கைக்கோளில் உள்ள கியூஓ-100 என்ற அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் இந்தியாவுக்கும் எட்டுகிறது. தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருப்பதால் இதில் டாப்ளர் தொல்லை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கும் குரல் கால் விநாடி கழித்தே காதுக்கு வரும். இவ்வளவு தாமதத்தில் தன் பேச்சையே கேட்டுக்கொண்டு பேசினால் யாருக்கும் நாக்குக் குழறும் (எனக்குச் என் நிலையத்தின் அடையாளப் பெயரான அழைப்புக்குறியே தடுமாறியது). ஆகவே முதலில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி நிறுத்திக் கேட்டு, தன் அலை, செயற்கைக்கோள் இடைவிடாது அனுப்பும் அடையாள அலையான பீக்கன் அலையைவிட வலுவாக இராதபடி திறனைக் குறைத்துக்கொண்ட பின், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கணினித் திரையில் அலையைப் பார்த்தபடி பேசுவதே சரி.

யூஎஸ்பி குச்சி வடிவில் விலை மலிவாகக் கிடைக்கும் எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும்) ரிசீவரே இந்த இரண்டாவது காதுக்குப் போதும். கல்லூரி வானொலி மன்றங்கள் மாணவரிடம் மைக்கைக் கொடுக்குமுன் இதைக் கொடுத்துச் சில நாள் கேட்கவைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர் ஒருவர்,
தஞ்சாவூர்.