அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மாணவர் பக்கத்தில் வட்டத் தேற்றம் ஒன்றை நிறுவிக் காட்டியிருந்தீர்கள். வட்டத்தின் மேல் பி, சி என்ற இரண்டு புள்ளிகளை மையம் ஓ-வோடு இணைத்தால் வருகிற கோணம், அதே இரண்டையும் எதிரே பரிதியில் உள்ள ஏ என்ற புள்ளியோடு இணைத்தால் வருகிற கோணத்தைப் போல இரண்டு மடங்கு என்கிற தேற்றம். தப்பு எதுவும் இல்லை, படமும் சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் முதல் வரியே "அமைப்பு: ஏ, ஓ இரண்டையும் இணைத்து டி வரை நீட்டுக" என்று ஆரம்பிக்கிறது. ஏன் அந்த இரண்டு புள்ளிகள், ஏன் பி-யும் சி-யும் இல்லை, எதற்காக நீட்ட வேண்டும், ஒரு வார்த்தை கிடையாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நோட்டோடு வந்து உட்காருவார்கள். நான் வாத்தியார் இல்லை, பள்ளிக்கூடத்தில் வடிவியல் பிடித்துப்போய் இன்னும் விடாமல் இருக்கிற ஆள், அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு "அங்கிள், எல்லாம் புரியுது, அந்தக் கோடு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத நிறுவலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யத்தான் முடியும்.

பதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வட்டத்தைப் பற்றி நம் கையில் இருக்கிற ஒரே சங்கதி ஆரங்கள் எல்லாம் சமம் என்பதுதான். அது பயன்பட வேண்டுமென்றால் ஆரங்கள் படத்தில் இருக்க வேண்டும். பி-க்கும் சி-க்கும் ஆரம் போட்டாயிற்று, ஏ-யும் அதே வட்டத்தின் மேல்தான் இருக்கிறது, அதற்கு மட்டும் ஆரம் இல்லை. போட்டுப் பார்த்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு கோணங்கள் சமம். அப்புறம் கோட்டை நீட்டுவது வெளிக்கோணத்துக்காக. வெளிக்கோணம் என்பது எதிரே இருக்கிற இரண்டு உள்கோணங்களின் கூடுதல், அந்த இரண்டும் இங்கே சமம், ஆக ஒன்றைப் போல இரண்டு மடங்கு. தேற்றத்தில் வருகிற அந்த "இரண்டு" இங்கேதான் பிறக்கிறது! இரண்டு முக்கோணங்களிலும் இப்படிக் கிடைப்பதைக் கூட்டினால் வேலை முடிந்தது. இதைச் சொன்னதும் அந்தப் பெண் தானாகவே, மையம் கோணத்துக்கு வெளியே விழுந்தால் கூட்டாமல் கழிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள், நான் வாயே திறக்கவில்லை.

தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையில் உள்ள கோணம், அந்த நாண் எதிர்ப்பக்கப் பரிதியில் அமைக்கும் கோணத்துக்குச் சமம் என்ற தேற்றத்துக்கும் இதே கதை. தொடுபுள்ளியிலிருந்து விட்டம் வரைகிறோம், ஏனென்றால் விட்டம் போட்டால் தொடுகோட்டோடு ஒரு 90 டிகிரி, அரைவட்டத்தில் இன்னொரு 90 டிகிரி, இரண்டும் ஒரே கோட்டால் வருகின்றன. நடுப்புள்ளித் தேற்றத்தில், முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கிற சின்னக் கோடு மூன்றாம் பக்கத்தில் "பாதி" என்று நிறுவ வேண்டியிருக்கிறது, அதனால் அந்தக் கோட்டை அதே அளவுக்கு நீட்டி இரட்டிப்பாக்கிவிட்டு, இணைகரம் ஒன்றைக் கட்டி, முழுசுக்கு முழுசு சமம் என்று காட்டிவிடுகிறோம். பாதியை நேராகப் பிடிக்க முடியாது, இரட்டிப்பாக்கினால் பிடிக்கலாம்.

எங்கள் கராஜில் அடிக்கடி நடக்கிற ஒரு தப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்று நிறுவச் சொன்னால் பத்துக்கு ஐந்து பேர் எழுதுவது: "உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாகவும் அதைச் சரிபாதியாக வெட்டும்படியும் ஒரு கோடு வரைக." அப்படி வரைய உனக்கு யார் உரிமை கொடுத்தது? உச்சியிலிருந்து செங்குத்து ஒன்றுதான், நடுப்புள்ளிக்குப் போகிற கோடும் ஒன்றுதான். இரண்டும் ஒரே கோடு என்பது நிறுவ வேண்டிய விஷயம், அதை அமைப்பிலேயே எழுதிவிட்டால் விடையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி. ஒரு கோட்டுக்கு ஒரு வேலைதான் கொடுக்கலாம், நடுப்புள்ளிக்குப் போ என்றால் போகும், அது செங்குத்தா இல்லையா என்பதைச் சர்வசம முக்கோணங்கள்தான் சொல்ல வேண்டும். (இந்தத் தேற்றத்துக்குக் கோடே தேவையில்லை என்பது வேறு விஷயம். பாப்பஸ் என்ற பழைய கிரேக்கக் கணித அறிஞர் முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு அதனோடேயே ஒப்பிட்டு முடித்துவிட்டார். யூக்ளிட் இதே தேற்றத்துக்குச் சமபக்கங்கள் இரண்டையும் கீழே நீட்டி ஒரு பெரிய சுற்றுச் சுற்றியிருக்கிறார்.)

பக்கத்து வீட்டு ஆயா டர்பன் துணி ஃபேக்டரியில் பல வருடம் வேலை பார்த்தவர், பாடம் நடக்கும்போது ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். புள்ளிக் கோடு போட்டு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "இது நாங்க துணியில சாக்பீஸ் கோடு போடுற மாதிரியில்ல இருக்கு. உடுப்புல அது வராது, ஆனா அது இல்லாம எங்க வெட்டறது?" என்றார். நான் அரை மணி நேரம் சொன்னதை விட அது பிள்ளைகளுக்கு நன்றாக ஏறியது, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இங்கே இதற்கு ஒரு பின்னணியும் இருக்கிறது. 2008 முதல் 2013 வரை தென்னாப்பிரிக்க மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) யூக்ளிட் வடிவியல் விருப்பப்பட்டால் எழுதலாம் என்ற மூன்றாம் தாளுக்குத் தள்ளப்பட்டிருந்தது, பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. 2014-இல் எல்லோருக்கும் உரிய இரண்டாம் தாளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தாளின் 150 மதிப்பெண்ணில் வடிவியலின் பங்கு நாலில் ஒரு பங்குக்குக் குறையாது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் பள்ளி முடித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், தாங்கள் படிக்காததைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலைமை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகமும் "இணைக்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அவர்கள்தான் எங்கே போவார்கள்?

மனிதப் பிள்ளைகளுக்கு மட்டும் இது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கூகுள் டீப்மைண்ட் செய்த ஆல்ஃபாஜியோமெட்ரி என்ற கணினி அமைப்பு 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியானது, சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டியின் வடிவியல் கணக்குகள் 30-இல் 25-ஐப் போட்டது. படத்தில் இருப்பதை வைத்துப் படிப்படியாக முடிவுக்குப் போவதை அதன் ஒரு பகுதி சளைக்காமல் செய்துவிடுகிறது. அது முட்டி நிற்கும்போது புதிதாக ஒரு புள்ளியையோ கோட்டையோ யோசித்துக் கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு மொழி மாதிரியை (சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த செயற்கை அறிவை) பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் திணறுகிற அதே இடம்.

ஆகவே ஆசிரியரே, அடுத்த முறை "அமைப்பு" என்று அச்சிடும்போது அதற்கு மேலே இரண்டே வரி சேருங்கள்: நமக்குக் கொடுத்ததில் எது இன்னும் பயன்படவில்லை, இந்தக் கோடு அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறது. இடம் போதாது என்றால் அந்தப் பக்கத்து நிறுவல்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. வட்ட நாற்கரம் (நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கிற நாற்கரம்) வருகிற வாரம் என்று போட்டிருக்கிறீர்கள், எங்கள் கராஜில் அதற்குள் யார் முதலில் கோட்டைக் கண்டுபிடிப்பது என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள், ஆயாவும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்