நாளைக்கு காலைல 5:30, உழைப்பாளர் சிலை

அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம், நாளைக்கு காந்தி சிலை வரைக்கும் ஓட்டம், அப்புறம் மணல்ல தண்டால் 20, பஸ்கி 40, முடியாதவங்க பாதி போடுங்க ஆனா வராம மட்டும் இருக்காதீங்க. உங்ககூட ஓடுற ஜோடி 5:40 வரைக்கும் வரலைன்னா நீங்கதான் போன் போடணும், எடுக்கலைன்னா வீட்டுக்கே போய் கதவ தட்டுங்க. போன மாசம் நான் மூணு நாள் வராம படுத்துட்டேன், என் ஜோடி தம்பி வாசல்ல வந்து நின்னான், ஒண்ணுமே கேக்கல, ஷூவ எடுத்து முன்னாடி வச்சான், அத மறக்கவே மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி சொல்லுது, நாம எழுதி வைக்கிற நோட்ல பாதி பேருக்கு 90 நிமிஷம் கூட வரல. குடிய விட்டவங்க எத்தனாவது நாள்னு சொல்லுங்க, தவறியிருந்தாலும் மறைக்காதீங்க, யாரும் திட்ட மாட்டோம். நோட்டு, தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க.