முகாமில் ஆங்கிலம் கற்பிக்கும் மகளுக்கு

காட்பாடி,
ஜூலை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்ற செய்திகளை அப்பா போனில் சொல்லியிருப்பார். ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு நீ ஆங்கிலம் கற்பிக்கும் அந்தச் சபை முகாமைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையைப் பெரிதாக்கி ஒரு வரி விடாமல் படித்தேன். காலையில் ஆங்கில வகுப்பு, மதியம் விளையாட்டும் ஏரிக் குளியலும், இரவில் பாட்டும் கூடுகையும் என்று, நம் சபையில் மே மாதம் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் சாயல் அதில் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வோர் இரவுக்கும் எதிரே, தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும் ஆசிரியரின் பெயர் இருக்கிறது. உன் பெயரை மட்டும் காணவில்லை. எழுதும்போது விடுபட்டிருக்கலாம். அது இருக்கட்டும், முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

"ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா?" என்று ஒரு பையன் கேட்டதாகவும், நீ பதில் சொல்லத் தயங்கியதாகவும் சொன்னாய். தயங்க வேண்டாம், இல்லை என்றே சொல். மாடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் படிக்கட்டில் எந்தப் படி உயரம், எந்தப் படியில் கால் இடறும் என்பது தெரியாது. நீ ஒவ்வொரு படியாக ஏறிப் போனவள். முதல் வருடம் ஹங்கேரிய மொழி வகுப்பில் படித்ததையெல்லாம் நீ எனக்குச் சொல்வாயே, அது இப்போது உனக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பார். அந்த மொழியில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை, இருவருக்கும் ஒரே சொல்தான். அதனால் ஒரு பிள்ளை தன் தாயை 'ஹீ' என்று சொன்னால் அது கவனக்குறைவு ஆகாது. இன், ஆன், அட் என்று ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருபவை, அவர்கள் மொழியில் நம் வேற்றுமை உருபுகளைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் தடுமாறுவது போலவே அவர்களும் அங்கே தடுமாறுவார்கள். எந்தச் சொல்லிலும் முதல் அசையையே அழுத்திப் பழகியவர்கள் 'பனானா', 'கம்ப்யூட்டர்' போன்ற சொற்களில் இரண்டாம் அசையை அழுத்தச் சிரமப்படுவார்கள். அதற்கு விளக்கம் கொடுத்துப் பயனில்லை. அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டச் சொல். என் வகுப்புகளில் பலன் கொடுத்த வழி அது.

வயதைப் பார்த்துப் பிரிக்காமல், தெரிந்த அளவைப் பார்த்துப் பிரி. ஒரு வார முகாமில் இலக்கணம் முழுவதையும் கொட்ட முயலாதே. கேள்வி கேட்கவும், கேட்டது புரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்லவும் பழக்கிவிட்டாலே போதும். பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்துத் திருத்தாதே. வாய் திறக்காத பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதே. பக்கத்துப் பிள்ளையோடு மட்டும் பேசவிடு, கேட்காதது போல நீ நடந்து போய்க்கொண்டிரு. இரண்டு மூன்று நாளில் தானாகவே பேசும். இதை நான் பள்ளிக்கூடத்தில் அறிந்திருந்தேன். வீட்டில் கடைப்பிடிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளை நினைத்துக்கொள். 1989 வரை அங்கே பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயம். 1948-இல் திருச்சபைப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. ஆங்கிலமும் வேதமும் இரண்டுமே அரிதாக இருந்த காலத்தைக் கடந்த குடும்பங்கள் அவை. இன்று தங்கள் பேரப்பிள்ளைகளை ஒரு வாரத்துக்கு உன் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய நம்பிக்கை. நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற ஆற்காடு மிஷன், கால்வின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினுடையது. நீ படிக்கும் டெப்ரெசென் நகரத்தைக் கால்வினிய ரோம் என்று அழைக்கிறார்கள். ஒரே வேரிலிருந்து வந்த சபை ஒன்றில் என் மகள் போய்க் கற்பிக்கிறாள் என்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் சொன்னபோது, எல்லாரும் உனக்காக ஜெபித்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. பாலட்டனின் சராசரி ஆழம் சுமார் 3 மீட்டர்தான் என்றும், தென்கரையில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் என்றும் அப்பா படித்துச் சொன்னார். அதில் எனக்கு நிம்மதி இல்லை. ஆழம் குறைந்த நீரில்தான் காற்றடித்தவுடன் அலை எழும்பிவிடும். கரையில் புயல் எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்களாம். அவை மெதுவாக மின்னினால் கரையை விட்டுத் தள்ளிப் போகாதே; வேகமாக மின்னினால் யாருமே குளிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். உனக்கு நீச்சல் தெரியாது. பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. 2021-இல் வெள்ளம் வந்தபோதும் பாலத்தின் மேல் நின்று பார்த்ததோடு சரி. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தாலும் விளக்கைப் பார்க்காமல் இறங்காதே.

கூடுகையைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்கிறாய். ஏரியையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டால் சிக்னல் நன்றாக இருக்கிறது. சபையில் நீ திடப்படுத்தல் பெற்றபோது ஆயா கொடுத்த வேதாகமம் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. பெட்டியின் எடை கூடிவிடும் என்று வைத்துவிட்டுப் போனாய், குக்கரை மறக்காமல் எடுத்துப் போனாய். போன கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனாயா என்று கேட்டதற்குப் பனி என்றாய். நான் குற்றம் சாட்டவில்லை, இவையெல்லாம் என் மனதில் கிடக்கின்றன என்று சொல்கிறேன்.

முகாமில் உன்னை யாராவது சாட்சி சொல்லும்படி வற்புறுத்தினால், மனதில் இல்லாததைப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதே. அப்படிச் சொல்வதைவிட மௌனமாக உட்கார்ந்திருப்பதே அந்தக் கூடுகைக்கும் மரியாதை. ஆனால் அதற்காகக் காலை வகுப்பில் உன் கை தளர்ந்துவிடக் கூடாது. ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி அழைத்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் நேர்மை; பாடத்தைத் தூண்டில் புழுவாக நினைக்கும் ஆசிரியர் எந்தச் சபைக்கும் நன்மை செய்வதில்லை. 1898-இல் தொடங்கிய நம் வேலூர் ஊரிஸ் மிஷன் கல்லூரியில்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்தார். அங்கே படித்தும் அவர் கிறிஸ்தவராகவில்லை, தம் முன்னோரின் சமயத்திலேயே நின்று அதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் உழைப்பு வீண் என்று யாராவது சொல்வார்களா? அவர் பிறந்த நாளைத்தானே நான் பணியில் இருந்த காலமெல்லாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடினேன்.

அவரைப் பற்றி இவ்வளவு எளிதாக எழுதுகிறேன், அவர் நான் பெற்ற பிள்ளை இல்லை. உன் விஷயத்தில் எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. நீ ஜெபிக்கிறாயா என்று கேட்க ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

செருப்பில்லாமல் ஏரியில் இறங்காதே, அடியில் கல் இருக்கும். விளக்கு வேகமாக மின்னினால் இறங்கவே இறங்காதே. உன் வகுப்புப் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்துக் கரையேற்று. வெயில் அங்கே குறைவு என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. தொண்டை கட்டினால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. தொடர்ந்து வகுப்பெடுத்தால் கட்டத்தான் செய்யும்.

முகாம் முடிந்து டெப்ரெசெனுக்குத் திரும்பியதும், மெசேஜாக இல்லாமல், உட்கார்ந்து கடிதமாக எழுது. கூடுகையில் சொல்ல முடியாதது எதுவோ அதை எனக்கு எழுது. இல்லை என்பதானால் இல்லை என்றே எழுது. அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்றால் காட்டமாட்டேன், ஐக்கியக் கூட்டத்திலும் வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா